உழுத பரம்பரை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆண்டாள். அப்புறம் பால்கோவா. வரிசையை மாற்றிச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை, 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். சரி, ராஜபாளையம் என்றால்? நாய்! வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, வீட்டுக்காரரைத் தவிர ஊரில் ஒருவரையும் பிடிக்காத சுபாவம். 2005 ஜனவரியில் நம் தபால் இலாகா அதற்கு ஸ்டாம்ப்பே போட்டுக் கௌரவித்தது.

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முறுக்குப் பாக்கெட்டைக் காலி செய்வதற்குள் வந்துவிடும். மேற்கே மலை, கிழக்கே கரிசல். நடுவில் தென்னையும் மாமரமுமாக ஒரு பச்சைக் கோடு.

ஆனால், சரித்திரத்தில் இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாதாரண தூரமல்ல. ஒரு முனையில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ்க் கோயில் ஊர். மறுமுனையில், வீட்டுக்குள் தெலுங்கும் வாசலுக்கு வெளியே தமிழும் பேசுகிற ஒரு சின்னச் சமூகம் வந்து உட்கார்ந்து, மண்ணைக் கிளறி, உண்டாக்கிய ஊர். அந்தச் சமூகத்துக்குப் பெயர் ராஜு. பெயரில்தான் ராஜா. செய்த வேலை விவசாயம்.

இந்த வாரம் அவர்களுடைய கதை. கூடவே, அவர்களுக்கு முன்னும் பின்னும் அதே மண்ணில் வியர்வை சிந்தியவர்களின் கதையும்.

முதலில் ஒரு சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். சரித்திரத்தைக்கூட வரவு, செலவு, முதலீடு, நஷ்டம் என்று பிரித்துப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. ஒரு கூட்டம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனது என்றால், நான் முதலில் கேட்கிற கேள்வி, 'வழிச் செலவுக்கு என்ன செய்தார்கள்?' என்பதுதான். கேட்க அல்பமாக இருக்கும். ஆனால், விவசாயியின் சரித்திரத்துக்கு அந்தக் கேள்விதான் வாசல்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆரம்பிப்போம். அந்த ஊரின் தலபுராணம் தெரியும்தானே? மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேடர்கள். ஒரு நாள் காட்டில் புலியைத் துரத்திக்கொண்டு போன கண்டனை, அந்தப் புலியே அடித்துவிடுகிறது. தம்பியைக் காணாமல் தேடிக் களைத்து, மரத்தடியில் தூங்கிப் போன வில்லியின் கனவில் பெருமாள் வந்து விஷயத்தைச் சொல்கிறார். இங்கே காட்டுக்குள் நான் இருக்கிறேன், எனக்கொரு கோயில் கட்டு, காட்டைத் திருத்தி ஊராக்கு என்கிறார். வில்லி அப்படியே செய்கிறான். வில்லி உண்டாக்கிய புது ஊர், வில்லிபுத்தூர். அரசியின் பெயரில் மல்லி என்று ஒரு கிராமம் இன்றைக்கும் பக்கத்தில் இருக்கிறது.

இது புராணம். தேதி கேட்காதீர்கள். ஆனால், புராணத்துக்குள் ஒரு ரசீது ஒளிந்திருக்கிறது பாருங்கள். பெருமாளையும் கனவையும் மரியாதையோடு ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் என்ன? வேட்டையாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டம், காட்டை வெட்டிக் கழனியாக்கியது. நாலு பேர் நிலையாகக் குடியேறினார்கள். ஊர் பிறந்தது. வேடன் விவசாயியான கதை அது!

'புத்தூர்' என்ற சொல்லையும் கவனியுங்கள். புது ஊர். இன்றைக்கு நமக்கு இதைவிடப் பழைய ஊர் கிடையாது என்கிற மாதிரி நிற்கிறது. 192 அடி உயரக் கோபுரம், பதினோரு நிலை. ஆனால், அந்த ஊரும் ஒரு காலத்தில் 'புதுசா வந்தவங்க' ஊராகத்தான் இருந்திருக்கிறது. பெயரே சாட்சி.

ஊர் என்றால் சாப்பாடு வேண்டும். சாப்பாட்டுக்கு நெல் வேண்டும். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். இந்தப் பக்கத்தில் வற்றாத ஆறு என்று எதுவும் இல்லை. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மலையிலிருந்து இறங்குகிற காட்டாறுகள் ரெண்டு நாள் சிங்கம் மாதிரி உறுமும். மூன்றாம் நாள் மணல்தான் இருக்கும்.

அதற்குத்தான் கண்மாய். ஓடுகிற தண்ணீரைக் கரை போட்டு நிறுத்துவது. ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கடுத்தது. மலையடிவாரத்திலிருந்து கிழக்கே போகப் போக, மாலையில் பூக் கோத்த மாதிரி வரிசையாகக் கண்மாய்கள். கரையைப் பலப்படுத்த ஊரே கூடி வேலை செய்வதற்குக் குடிமராமத்து என்று பெயர். பாண்டியர் காலத்தில் வேரூன்றிய இந்த ஏற்பாட்டின் மேல்தான் பின்னால் வந்த அத்தனை பேரும் குடித்தனம் நடத்தினார்கள்.

*

இப்போது சீன் மாறுகிறது. கிருஷ்ணா நதி, துங்கபத்திரை. விஜயநகரம்.

1371-ல் விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் மதுரை சுல்தான்களை ஜெயித்தார். அன்று தொடங்கியது தெற்கு நோக்கிய தெலுங்குப் பயணம். முதலில் வந்தது படை. படைக்குப் பின்னால் சாப்பாடு, மாடு, வண்டி. அதற்குப் பின்னால் குடும்பங்கள். 1529-ல் விசுவநாத நாயக்கர் மதுரையில் உட்கார்ந்தார். அவரும் அரியநாத முதலியாரும் சேர்ந்து நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்த கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் நொறுங்கியது. ராமராயர் தலை போனது. வடக்கே பிழைக்க வழி தெரியாதவர்களுக்குத் தெற்கே ஏற்கெனவே மாமன், மச்சான் இருந்தார்கள். புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சுவாரசியம். 1509-லிருந்து 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஒரு பெருங்காவியம் எழுதினார். 'ஆமுக்தமால்யதா'. கதாநாயகி யார் தெரியுமா? நம்ம ஆண்டாள்! கதை நடக்கும் இடம்? ஸ்ரீவில்லிபுத்தூர்! ஆக, தெலுங்கு விவசாயி கலப்பையோடு இந்தப் பக்கம் வேரூன்றுவதற்கு முன்பே, தெலுங்கு இலக்கியத்தில் வில்லிபுத்தூர் வந்துவிட்டது.

பக்திக் காவியம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அதில் அரசாங்கம் எப்படி நடத்துவது என்று ஒரு பகுதி வருகிறது. நிதியமைச்சர்கள் படிக்க வேண்டிய பகுதி. நாடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஏரியும் கால்வாயும் வெட்டு, ஏழைக் குடியானவனுக்கு வரியைக் குறை, அவன் முன்னுக்கு வந்தால் உன் கஜானாவும் நிறையும் என்பது அதன் சாரம். கஷ்டம் தாங்காமல் ஊரை விட்டுப் போகிற குடிகளைத் திரும்ப அழைக்காமல், அவர்கள் விட்டுப்போன மாட்டையும் தானியத்தையும் வளைத்துப்போட நினைக்கிற அதிகாரியை ராயர் கடுமையாகத் திட்டுகிறார்.

சக்கரவர்த்தி இதைப்போய் ஏன் எழுதினார்? காரணம் இருக்கிறது. அன்றைக்கு நிலம் ஏராளம். உழ ஆள்தான் இல்லை. இன்றைக்குத் தொழிற்சாலை தொடங்க வருகிறவர்களுக்கு வரி விலக்கு, மின்சாரச் சலுகை என்று மாநிலங்கள் போட்டி போடுகின்றன இல்லையா? அன்று அந்தப் போட்டி விவசாயிக்காக நடந்தது. முதலீட்டாளர் என்றால் அன்று நாலு ஜோடி மாடும் பத்துக் கைகளும் உள்ள குடும்பம்தான். வழிச் செலவுக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? மாடுகளே மூலதனம். நடந்து வருகிற மூலதனம்!

*

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கூட்டமல்ல. ரெட்டியார்கள், கம்மவார்கள், கம்பளத்து நாயக்கர்கள், ராஜுக்கள் என்று பல பிரிவுகள். பேச்சு தெலுங்கு என்பது பொது. மற்றபடி வழக்கம், சாமி, சம்பந்தம் எல்லாம் தனித்தனி.

இவர்களில் பெரும்பாலோர் எங்கே போய் உட்கார்ந்தார்கள்? தாமிரபரணிக் கரையில் முப்போகம் விளையும் நன்செய் இருக்கிறதே, அங்கே இல்லை. அங்கே இடம் காலி இல்லை. பிராமணர்களும் வேளாளர்களும் கோயில்களும் பல நூறு வருஷமாக மடி மடியாகப் பட்டாப் போட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் போனது கரிசல் காட்டுக்கு. சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம். திருநெல்வேலிச் சீமையின் விவசாய சரித்திரத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் லட்டன் 1985-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்தப் பிரிவினையைத்தான் விளக்குகிறார். நதிக்கரை ஒருவகைச் சமுதாயம், வறண்ட கரிசல் இன்னொரு வகைச் சமுதாயம்.

கரிசலை ஏன் அதுவரை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை? அதன் குணம் அப்படி. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், வண்டிச் சக்கரம் நகராது. ரொம்பக் காய்ந்தாலும் உழ முடியாது, ரொம்ப நனைந்தாலும் உழ முடியாது. நடுவில் பதம் என்று கொஞ்ச நாள்தான். அந்தச் சில நாளுக்குள் மொத்த நிலத்தையும் உழுது விதைத்தாக வேண்டும். அப்படியானால் நிறைய மாடு வேண்டும், நிறைய ஆள் வேண்டும், ஒரு வருஷம் மழை ஏமாற்றினால் தாங்குகிற கையிருப்பும் வேண்டும். தனி ஆளுக்குச் சரிப்படாத மண். கூட்டுக் குடும்பத்துக்கு மட்டுமே கட்டுப்படுகிற மண்.

ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அதற்கு இணை கிடையாது. ஐப்பசியில் விதைத்தால், மழை நின்ற பிறகும் அடியில் இருக்கிற ஈரத்திலேயே பருத்தி வளர்ந்து, மாசி பங்குனியில் வெள்ளை வெளேரென்று வெடிக்கும். ஊடுபயிராகக் கம்பு, சோளம், உளுந்து.

இந்த ரகசியம் தெலுங்கு விவசாயிக்குப் புதிதல்ல. அவன் பிறந்த மண்ணிலும் இதே கறுப்பு மண்தான். தெலுங்கில் அதற்கு 'ரேகடி'. பூகோளப் பாடத்தில் கரிசலுக்கு 'ரீகர்' என்று ஆங்கிலப் பெயர் படித்திருப்பீர்களே, அது இந்தத் தெலுங்குச் சொல்லிலிருந்து போனதுதான். ஆக, அந்த மக்கள் திசை தெரியாமல் ஓடி வந்தவர்கள் மட்டுமல்ல. தெரிந்த மண்ணைத் தேடி வந்தவர்களும்கூட.

*

இப்போது ராஜபாளையம். அங்கேதான் கதை கொஞ்சம் வேறு மாதிரி.

பாளையக்காரர் காலத்து வரைபடத்தை மனதில் விரியுங்கள். கிழக்கே கரிசல் பக்கம் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் மாதிரி தெலுங்குப் பாளையங்கள். மேற்கே மலையடிவாரத்தில் சிவகிரி, சேத்தூர், கொல்லங்கொண்டான் என்று மறவர் பாளையங்கள். ராஜபாளையம் இருப்பது மலையடிவாரத்தில், சேத்தூருக்குப் பக்கத்தில். மேற்கே முடங்கியாறு இறங்கி வருகிற செம்மண் அடிவாரம், கிழக்கே கரிசல் ஆரம்பம். இரண்டு வகை மண்ணும் கைக்கெட்டுகிற தூரம். இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்!

இவர்கள் யார் என்பதற்குக் கல்வெட்டைத் தேடி அலைய வேண்டாம். ஊருக்குள் நடந்தாலே போதும். 'பாளையம்' என்றால் படை தங்குமிடம். ராஜபாளையத்துக்குள் பழையபாளையம் என்று ஒரு பகுதி, புதுப்பாளையம் என்று ஒரு பகுதி. முதலில் வந்து இறங்கிய கூடாரம் எது, பிறகு பெருகிய கூடாரம் எது என்று பெயரே சொல்லிவிடுகிறது. அப்புறம் சக்கராஜாகோட்டை, சிங்கராஜாகோட்டை. கோட்டை என்றதும் அகழியையும் பீரங்கியையும் தேடாதீர்கள். ஒரு தலைக்கட்டைச் சுற்றிக் குடியேறிய குடும்பங்களின் தொகுப்புக்குத்தான் கோட்டை என்று பெயர். கூடிப் பேச, வழக்குத் தீர்க்க, கல்யாணம் காரியத்துக்கு ஒன்று சேரச் சாவடி.

அடுத்த சாட்சி இனிஷியல். நமக்கெல்லாம் இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து. ராஜுக்களுக்கு அதற்கும் முன்னால் இன்னோர் எழுத்து வரும். அது குடும்பப் பெயர், தெலுங்கில் 'இன்ட்டி பேரு'. ராஜபாளையத்தில் பிறந்து 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதமராகி, 1950-ல் அரசியல் சட்டம் வந்ததும் முதலமைச்சர் என்று அழைக்கப்பட்டவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. அந்த 'பி' என்பது பூசபாடி. ஆந்திராவில் விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்ட குடும்பத்தின் பெயரும் இதே பூசபாடிதான். கிருஷ்ணா மாவட்டத்தில் உள்ள பூசபாடு என்ற கிராமத்திலிருந்து வந்த பெயர் அது. தனஞ்ஜெய, காசியப, கௌண்டின்ய, வசிஷ்ட கோத்திரங்களும் அங்கே உள்ள ராஜுக்களுக்கும் இங்கே உள்ளவர்களுக்கும் பொது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்தின் விலாசத்தை, பல தலைமுறையாகப் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்!

படை வீரர்களாக வந்தார்கள் என்பது அவர்களுடைய பரம்பரைச் செய்தி. 'பாளையம்' என்ற பெயரும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால், சண்டை தினமும் நடக்காதே? சண்டை இல்லாத நாளில் வீரனுக்குச் சம்பளம் கொடுத்து எந்த ராஜாவுக்கும் கட்டுப்படியாகாது. அதனால் நிலத்தைக் கொடுத்துவிடுவது. உழுது சாப்பிடு, கூப்பிட்டால் வா. பழைய ரோமாபுரி ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்குத் தூர தேசத்தில் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. ரஷ்யாவின் எல்லையில் கொசாக்குகள் ஒரு கையில் வாளும் இன்னொரு கையில் அரிவாளுமாக வாழ்ந்தார்கள். உலகம் முழுக்க இதே ஃபார்முலா. இரண்டு மூன்று தலைமுறையில் வாள் பரணுக்குப் போய்விடும். அரிவாள் கையில் நின்றுவிடும்.

அந்த நாய்கூட இப்படித்தான். கோட்டைக் காவல், போர் என்றெல்லாம் கதை உண்டு. ஆனால், மலையடிவாரத்தில் கடலையும் கிழங்கும் போட்டவனைக் கேளுங்கள், ராத்திரியில் அவனுக்கு எதிரி யார் என்று. காட்டுப் பன்றி! பன்றி வேட்டைக்குப் பேர் போன நாய் ஒரு விவசாய ஊரில் ஏன் வளர்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

*

விவசாயம் எப்படி நடந்தது என்று பார்க்காவிட்டால் இது விவசாயிகளின் கதையே அல்ல.

கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை வெட்டி, வண்டி வண்டியாக நிலத்துக்கு அடிப்பார்கள். நிலத்துக்கும் உரம், கண்மாய்க்கும் தூர் வாரியாயிற்று. ஆடு மேய்க்கிறவர்களை அழைத்து, ராத்திரி நிலத்தில் கிடை போடச் சொல்வார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும்தான் அன்றைய யூரியா. கூலி தானியமாக. மழைத் தண்ணீர் எட்டாத இடத்தில் கிணறு. கிணற்றில் கமலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடத்தில் கட்டிய தோல் பை தண்ணீரோடு மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னாலேயே நடந்து மேலே ஏறினால் பை மறுபடி கிணற்றுக்குள். விடியற்காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதே வேலை. மாட்டுக்குச் சலிக்காமல் இருக்க, மனிதன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் கணக்குப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது.

அந்தத் தோல் பையைத் தைத்தது யார்? அருந்ததியர்கள். நாயக்கர் காலக் குடியேற்றத்தோடு வந்தவர்களில் அவர்களும் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் தெலுங்குதான். பை கிழிந்தால் கமலை நின்றது, கமலை நின்றால் பயிர் கருகியது. ஒரே பாஷை பேசி, ஒரே பாதையில் நடந்து வந்தவர்கள்தான். ஒருவருக்குக் கிணறும் இன்னொருவருக்கு அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடையும் என்று ஆனது எப்படி? 2009-ல் தமிழ்நாடு அரசு மூன்று சதவிகித உள் ஒதுக்கீடு தந்தபோது, நானூறு வருஷ பாக்கியில் ஒரு சின்னத் தவணை கட்டப்பட்டது, அவ்வளவுதான்.

கண்மாயின் மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தது யார்? பல ஊர்களில் அது மடைக்குடும்பர் வேலை. தேவேந்திரகுல வேளாளர்கள். வெள்ளத்தில் முங்கி மடையைத் திறக்கிற உயிர்ப் பணயம் அவர்களுடையது. நெல்லின் சூட்சுமம் முழுக்கத் தெரிந்தவர்களுக்கு நிலத்தின் மேல் பாத்தியதை மட்டும் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

இன்னும் மேலே போங்கள். மலைக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார்கோவில் பகுதியிலும் பளியர்கள் இருக்கிறார்கள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த ஆதிக்குடி. 'எங்க முன்னோர்கள் வந்தப்போ வெறும் காடு, ஆளே கிடையாது' என்று ஊர் ஊராகக் கதை சொல்கிறோமே, அந்தக் காட்டில் ஆள் இருந்தது. காட்டைத் திருத்திய கதை வில்லியின் காலத்திலும் சொல்லப்பட்டது, தெலுங்கர்கள் வந்தபோதும் சொல்லப்பட்டது. இரண்டு முறையும் காடு யாருக்கோ வீடாக இருந்தது.

கி.ராஜநாராயணன் 1976-ல் எழுதிய 'கோபல்ல கிராமம்' படித்திருக்கிறீர்களா? கம்மவார்கள் தெற்கே ஓடிவந்து, காட்டுக்கு நெருப்பு வைத்து, நிலமாக்கிக் குடியேறுகிற கதை. ஒரு சமூகத்தின் பாட்டிகள் பேரன்களுக்குச் சொன்னதை அவர் நாவலாக்கினார். வீட்டில் தெலுங்கு பேசியவர்தான் கரிசல் தமிழுக்கு அகராதியே தொகுத்தார். வந்தவர்கள் மண்ணை மட்டுமா உழுதார்கள்? நம் பாஷையையும் சேர்த்துத்தான்!

*

கடைசிப் பக்கம் வேகமாகப் புரளும். 1799-லும் 1801-லும் நடந்த போர்களோடு பாளையக்காரர்கள் ஒடுக்கப்பட்டார்கள். கும்பினி வரி கேட்டது, அதுவும் ரொக்கமாக. ரொக்கம் வேண்டுமென்றால் விற்கிற பயிர் வேண்டும். பருத்தி தலையெடுத்தது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, மான்செஸ்டர் மில்களுக்குப் பஞ்சு போவது நின்றதும், திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு யோகம் அடித்தது. தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கரிசல் பஞ்சு கப்பலேறியது. யாரோ யாருடனோ மோதிக்கொள்ள, எங்கேயோ இருக்கிற சம்சாரி வீட்டில் ஓடு மாட்டினார்கள். போர் 1865-ல் முடிந்ததும் விலை இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகச் சந்தை என்ற விஷயம் நம் சம்சாரிக்கு முதல் பாடம் எடுத்தது அப்போதுதான்.

பாடம் வீண் போகவில்லை. 1927-ல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை ராஜபாளையம் வழியாக வந்தது. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா, ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். நிலத்தில் போட்டு வந்த பணம் பங்குப் பத்திரமானது. பருத்தியை மூட்டையாக விற்ற ஊர், நூலாக விற்க ஆரம்பித்தது. மாடு, கிணறு, பஞ்சு, மில் என்று மூலதனம் உருவம் மாறி மாறி வந்த பாதை இதுதான். படை வீரன் விவசாயியாக மாறினான், விவசாயி மில் முதலாளியாகவும் மில் தொழிலாளியாகவும் பிரிந்தான். யார் எதுவானார்கள் என்பதை, ஆரம்பத்தில் யார் கையில் நிலம் இருந்தது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது.

கண்டனைப் புலி அடித்ததாகச் சொல்லும் அதே காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டைத் திருத்தியவர்களின் வாரிசுகள், மிச்சமிருக்கும் காட்டுக்கு வேலி போடுகிறார்கள். யானை வேலியைத் தாண்டி வந்து தென்னையைச் சாய்க்கிறது. ஆக, அந்தப் பழைய கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் ஊரில் இப்போது ஒவ்வொரு சமூகமும் தன் சரித்திரத்தைப் புத்தகம் போடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அட்டையிலேயே வாளும் கிரீடமும். 'ஆண்ட பரம்பரை'. எல்லாரும் ஆண்டிருந்தால் உழுதது யார் சார்? அத்தனை அரண்மனைக்கும் சோறு எங்கிருந்து போனது?

ராஜபாளையத்து மனிதர்களுக்கு உண்மையான பெருமை, அவர்கள் பெயரில் ராஜா ஒட்டிக்கொண்டிருப்பதில் இல்லை. பாஷை தெரியாத சீமையில், கூடாரம் அடித்த இடத்தில் கிணறு வெட்டி, ஊராக்கிக் காட்டியதில் இருக்கிறது. கமலைக்குப் பை தைத்தவருக்கும், மடை திறந்தவருக்கும், கிடை போட்டவருக்கும் அந்தப் பெருமையில் சரிபங்கு உண்டு. அதைப் பங்கு போட்டுக் கொடுக்காத எந்தச் சரித்திரமும் கள்ளக் கணக்குதான்.

உங்கள் வீட்டில் எண்பது வயது தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருங்கள். நம் முன்னோர் எந்த ராஜாவிடம் தளபதியாக இருந்தார் என்று கேட்காதீர்கள். நம் கிணற்றுக்கு என்ன பெயர், அதை வெட்டியது யார், எந்தக் கண்மாய்த் தண்ணீர் நமக்கு வந்தது, யார் வந்து மடை திறந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்வெட்டு ராஜாக்களுக்குத்தான் வெட்டினார்கள். உழுதவனுக்கு அந்த நாற்பது பக்க நோட்டுதான் கல்வெட்டு.